சிரிக்காத முகத்துக்கு மேக்கப்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம் வரும். பார்லருக்கு வர்ற எல்லாருக்கும் இது தெரியும். "அக்கா, இந்த வீடியோவில வர்ற மாதிரியே பண்ணி விடுங்க"ன்னு யாராவது போனை நீட்டினா, "அப்ப அந்த வீடியோகிட்டயே போய்ப் பண்ணிக்கோ"ன்னு சொல்லிடுவேன். அப்படியும் கூட்டம் வருது. என் கை அப்படி. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

ஒரு பொண்ணு போன் பண்ணினப்பவும் எனக்குச் சுர்ருனுதான் வந்துச்சு. "அக்கா, எங்க அம்மா அப்பாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். சாயங்காலம் ஹால்ல விழா. அம்மாவுக்கு நல்லா கனமா அப்பி, மேல மினுமினுன்னு எதையாவது தூவி, ஒரு சுருக்கம்கூடத் தெரியாம பண்ணிடுங்க"ன்னு ஒரே மூச்சுல சொன்னா.

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தி மூணு."

"அறுபத்தி மூணு வயசுத் தோல்ல கனமா அப்பினா, அப்பினதெல்லாம் கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு, இங்க ஒரு சுருக்கம் இருக்கு பாருங்கன்னு ஊருக்கே காட்டிக் கொடுக்கும். மினுமினுப்பு அதைவிட மோசம். நான் வர்றேன். ஆனா என் இஷ்டத்துக்குத்தான் போடுவேன். சம்மதமா?"

"சரிக்கா, சரிக்கா"ன்னா. பின்னாடி யாரோ எதையோ டமால்னு போடற சத்தம் கேட்டுச்சு. "ஒண்ணுமில்லக்கா, அது அம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

விழா அன்னைக்கு மதியச் சாப்பாட்டை அரையும் குறையுமா முடிச்சுட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மூணாவது மாடி. லிப்ட் வேலை செய்யல. என் மேக்கப் பெட்டி ஒரு சின்னப் பிள்ளை கனம் இருக்கும். அதைத் தூக்கிக்கிட்டு ஏறி, நாக்குத் தள்ள மணியை அடிச்சேன். கதவைத் திறந்தவர் ஜம்முனு இருந்தார். தலை முழுக்கக் கருகருன்னு முடி, டீ சர்ட், கழுத்துல ஒரு விசில், முகத்துல ஒரு கோடு கிடையாது. வாய் நிறைய சிரிப்பு.

வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சுட்டேன். "அம்மா ரெடியா தம்பி?"ன்னு கேட்க வாயைத் திறந்தேன். மாடி ஏறி மூச்சு வாங்கினதுல சத்தமே வரல. அது நான் செஞ்ச புண்ணியம். அந்தக் கேள்வி மட்டும் வெளிய வந்திருந்தா இந்தக் கதை அந்த வாசல்லயே முடிஞ்சிருக்கும்.

ஏன்னா அவர்தான் மாப்பிள்ளை. நாற்பது வருஷத்து மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவர். எல்லாரும் அவரை மாஸ்டர்னு கூப்பிடறாங்க. அந்தம்மா அதே பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தவங்க. இதெல்லாம் மகள் என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிட்டுப் போற வழியில கடகடன்னு சொன்னது.

டீச்சர் நாற்காலியில விறைப்பா உட்கார்ந்திருந்தாங்க, பரீட்சை ஹால்ல உட்கார்ந்த மாதிரி. என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"சுவருக்குப் பட்டி பார்க்க வந்தவ நீதானா?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுச்சு. இருந்தாலும் அடக்கிக்கிட்டேன். "ஆமா டீச்சர். சுவர் எந்தப் பக்கம்?"னு கேட்டேன்.

மகள் களுக்குனு சிரிச்சா. டீச்சர் முகத்துல ஒரு அசைவு இல்ல.

மஞ்ச பல்புக்குக் கீழ போட்டிருந்த நாற்காலியை முதல்ல ஜன்னல்கிட்ட இழுத்தேன். பல்பு வெளிச்சம் பொய் சொல்லும், பகல் வெளிச்சம் சொல்லாது. முகத்தைத் துடைச்சு, ஈரப்பதம் தர்ற கிரீமை விரல் நுனியால ஒத்தி ஒத்தி வச்சேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், தோல் அதைக் குடிச்சு முடிக்கட்டும்னு. வயசான தோலுக்குப் பொறுமை வேணும். அவசரப்பட்டு மேல எதையாவது பூசினா உருண்டை உருண்டையா திரண்டு வரும். மகளுக்கு அந்தப் பொறுமை இல்ல. "என்னக்கா சும்மா நிக்கறீங்க?"ன்னு நாலு தடவை கேட்டுட்டுப் பூக்காரருக்குப் போன் போட வெளிய போனா.

"சரி டீச்சர், இப்ப சிரிங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"சிரிச்சாத்தான் முகம் எங்கெங்க மடியுதுன்னு தெரியும். மடியற இடத்துல கொஞ்சமா தொட்டு, மத்த இடத்துல சாதாரணமா போடணும். தெரியாம போட்டா, சாயங்காலம் நீங்க முதல் தடவை சிரிக்கும்போதே எல்லாம் வெடிச்சுடும்."

"வெடிக்காது. நான் சிரிக்கறதா இல்ல."

"கல்யாண நாள் விழாவுலயா?"

"ஆமா, கல்யாண நாள் விழாவுலதான்."

"போட்டோவுக்காவது..."

டீச்சர் ரெண்டு ஆள்காட்டி விரலையும் எடுத்து, வாயோரத்துல வச்சு, ரெண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாங்க. "இந்தா. பார்த்துக்கோ." கண்ணு ரெண்டும் என்னை முறைச்சுக்கிட்டே இருந்துச்சு. பயமா இருந்துச்சுங்க, நிஜமா.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "டீ போடட்டுமா?"

டீச்சர் துணி பீரோவைப் பார்த்தாங்க. "பீரோவே, எனக்கு வேண்டாம்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாஸ்டருக்கு ஒண்ணும் ஆகல. அவரும் பீரோவைப் பார்த்து, "பீரோ, ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிடச் சொல்லேன்"னார்.

"பசிச்சா எனக்குக் கை இருக்குன்னு சொல்லு."

"சரின்னு சொல்லிடு"ன்னு பீரோகிட்ட தலையாட்டிட்டு அவர் போயிட்டார். சிரிச்ச முகம் சிரிச்ச மேனிக்கே இருந்துச்சு. நான் பீரோவைப் பார்த்தேன். ரெண்டு கதவு, ஒரு கைப்பிடி, பாவம் அது என்ன பண்ணும்.

"சமையலறையில இருந்தா பிரிட்ஜ்கிட்ட சொல்லுவேன்"னு டீச்சர் விளக்கம் கொடுத்தாங்க. "போன மாசத்துல இருந்து இப்படித்தான்."

"என்னதான் ஆச்சு டீச்சர்?"

கேட்டிருக்கக் கூடாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். ஆனா கேட்டது நல்லதாப் போச்சு.

போன மாசம் ரெண்டு பேரும் விழாவுக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போயிருக்காங்க. கடைக்காரப் பையன் ஓடி வந்து மாஸ்டரைப் பார்த்து, "சார், உங்க அம்மாவுக்கு மெத்துனு ஏதாவது காட்டட்டுமா?"ன்னு கேட்டிருக்கான்.

"அம்மா!" டீச்சர் தொடையில ஒரு தட்டு தட்டினாங்க. "என்னைவிட மூணு வயசு மூத்தவர் அந்த மனுஷன். நான் அவருக்கு அம்மாவாம்!"

"பையன் ஏதோ தெரியாம..."

"பையனை விடு. அவனுக்கு என்ன தெரியும்? இவர் என்ன பண்ணார் தெரியுமா? சிரிச்சார். வாய்விட்டுச் சிரிச்சார். சிரிச்சுட்டு 'காட்டுப்பா'ன்னார். காட்டுப்பா! அந்த மெத்துச் செருப்பை வாங்கியும் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரியே டப்பாவோட அவர் தலகாணி மேல வச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். டீச்சர் குரல் அப்புறம் கொஞ்சம் தாழ்ந்துச்சு.

"நீயே பார்த்தியே அவர் முகத்தை. ஒரு கோடு உண்டா? எப்படி இருக்கும்? கரண்ட் பில் கட்டலையேன்னு கவலைப்பட்டது நான். பொண்ணுக்குக் காய்ச்சல்னா முழிச்சிருந்தது நான். வீட்டு ஓனர் சண்டைக்கு வந்தா பேசினது நான். அவர் விசில் ஊதிட்டு வந்து தூங்கினார். அவருக்கு வர வேண்டிய சுருக்கமெல்லாம் என் மூஞ்சியில வந்து உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்து அவரே சிரிச்சா எனக்கு வலிக்குமா வலிக்காதா?"

வலிக்கும். எனக்கே வலிச்சுது. ஆறுதலா ஏதாவது சொல்லலாம்னு பார்த்தா, அந்தம்மா கட்டிலுக்கு அடியில விரலை நீட்டினாங்க. அங்க ஒரு நீலப் பெட்டி, பூட்டுப் போட்டு, தயாரா இருந்துச்சு.

"இன்னைக்கு அந்த மேடையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னை அவருக்கு அம்மான்னு சொல்லட்டும். அப்படியே இறங்கி வந்து, இந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். கேக்கு வெட்டற வரைக்கும்கூட இருக்க மாட்டேன். பொண்ணுகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் இருக்கு உனக்கு."

கணக்கு டீச்சர் சும்மா மிரட்டற ரகம் இல்ல. அது முகத்துலயே தெரிஞ்சுது. நான் பஞ்சைக் கையில எடுத்தேன். இந்த முகம் இன்னைக்குத் தோத்துச்சுன்னா ஒரு வீடே ரெண்டாயிடும்.

சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துப் போட்டேன். பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, பவுண்டேஷனைத் தேய்க்காம அழுத்தி அழுத்தி, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா ஒரே ஒரு பூச்சு. பவுடர் மூக்கு நுனிக்கு மட்டும். கன்னத்துச் சிவப்பைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சேன், கீழ வச்சா முகமே இறங்கின மாதிரி இருக்கும். இமை கொஞ்சம் தொங்கியிருந்துச்சு, அதனால கண்ணை மூடச் சொல்லாம, திறந்தபடியே நேரா பார்க்கச் சொல்லி மை வரைஞ்சேன். உதட்டைச் சுத்தி பென்சில்ல ஒரு வேலி போட்டேன், லிப்ஸ்டிக் கோடு வழியா வெளிய ஓடாம இருக்கணுமே.

எல்லாம் சரி. சிரிப்பு மட்டும் வரல. எனக்குத் தெரிஞ்ச ஜோக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யானை ஒண்ணு தராசுல ஏறின ஜோக் சொன்னேன், "தராசு எவ்வளவு கிலோ தாங்கும்?"னு கேட்டாங்க. குரங்கு பஸ் ஓட்டின ஜோக் சொன்னேன், "டிக்கெட் யார் கொடுத்தா?"ன்னு கேட்டாங்க. அந்த முகம் எங்க மடியும்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். குத்துமதிப்பா போட்டு முடிச்சேன். என் தொழில்ல இதைவிட அவமானம் கிடையாது.

கண்ணாடியில டீச்சர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "ம்"னாங்க. அப்புறம், "நான்தான் இது. நல்லாத் தூங்கி எழுந்த நான்"னாங்க. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் கொடுத்ததில்ல. ஆனா அடுத்த நொடியே முகம் சுண்டிப் போச்சு. "அவர் பக்கத்துல நின்னா?"

உண்மையைச் சொன்னா, அந்தக் கருகரு தலை பக்கத்துல எந்த மேக்கப்பும் எடுபடாது.

மகள் வந்து புடவை கட்டி விடறேன்னு டீச்சரை அடுத்த அறைக்கு இழுத்துட்டுப் போனா. நான் பிரஷ்களைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். "ஸ்ஸ்... ஸ்ஸ்..."னு ஒரு சத்தம். திரும்பினா, துணி துவைக்கற மெஷின் இருக்கற பின்பக்கப் பால்கனியில இருந்து மாஸ்டர் கையாட்டறார்.

"என்ன சார்?"

"மெதுவா பேசும்மா. ஒரு உதவி. ரகசியமா."

எனக்குப் புரிஞ்சு போச்சு. இவருக்கும் முகத்துல ஏதாவது பூசி இன்னும் இளமையாக்கணும், அதுதானே? பொங்கி வந்துச்சு பாருங்க கோபம். போய் நின்னு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "சார், உங்களுக்கு வெட்கமா இல்ல? அங்க ஒரு மனுஷி உங்களால எரிஞ்சுக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு இருக்கற இளமை பத்தலையா? இன்னும் என்ன, பள்ளிக்கூடத்துல சேரப் போறீங்களா?"ன்னு விளாசிட்டேன்.

அவர் திருதிருன்னு முழிச்சார். "இல்லம்மா. என்னை வயசாக்க முடியுமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

"என்னது?"

"என்னை வயசாக்கணும். அவளுக்கு வயசைக் குறைக்கச் சொல்லி உன்னைக் கூப்பிட்டது பொண்ணு. அது தேவையே இல்ல, அவ நல்லாத்தான் இருக்கா. தப்பு என் மூஞ்சிதான்." மெஷின் மேல உட்கார்ந்துக்கிட்டார். "அன்னைக்குச் செருப்புக் கடையில எனக்குப் பெருமையா இருந்துச்சும்மா. பொய் சொல்லல. ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு, சிரிச்சுட்டேன். அப்புறம் திரும்பி அவ முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது."

என் கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்துச்சு. கை துறுதுறுன்னுச்சு. ஏன்னா பார்லர் வைக்கறதுக்கு முன்னாடி நான் நாடகக் குழுவுக்கு மேக்கப் போட்டவ. இருபது வயசுப் பசங்களுக்கு எண்பது வயசு வரைஞ்சவ. அந்த வேலை மேல எனக்கு அப்படி ஒரு பைத்தியம். எத்தனை வருஷமாச்சு ஒரு நல்ல சுருக்கம் வரைஞ்சு!

"உட்காருங்க சார், ஆடாதீங்க"ன்னு பெட்டியைத் திறந்தேன். "இப்ப முகத்தைச் சுளிங்க. நெத்தி மடியற இடத்துல பென்சில் போகணும்."

அவர் சுளிக்கப் பார்த்தார். வரல. வாய் ஒரு பக்கம் போச்சு, மூக்கு ஒரு பக்கம் போச்சு, கடைசியில சிரிப்பா வந்து முடிஞ்சுது. "கோபமா பாருங்க"ன்னேன், சிரிப்பு. "வயித்து வலி மாதிரி"ன்னேன், அதுக்கும் சிரிப்பு. அடக் கடவுளே, ஒரே வீட்டுல ஒருத்தருக்குச் சிரிப்பு வராது, ஒருத்தருக்குச் சுளிப்பு வராது! நான் யார் முகத்துலதான் வேலை பார்க்கறது?

பொறுமை போயிடுச்சு. பொண்ணுகிட்டதானே மூச்சு விடக் கூடாதுன்னாங்க? "கட்டிலுக்கு அடியில ஒரு நீலப் பெட்டி இருக்கே, அது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு போட்டு உடைச்சுட்டேன்.

நெத்தியில மூணு கோடு வந்துச்சு. புருவத்துக்கு நடுவுல ரெண்டு. வாயோரம் ரெண்டும் கீழ இறங்கிச்சு. அந்த முகத்துக்குள்ள இத்தனை நாளா ஒரு கிழவர் ஒளிஞ்சிருந்தார்! "அப்படியே இருங்க, அசையாதீங்க"ன்னு கத்தாத குறையா சொல்லிட்டுக் கோடு மேலயே பழுப்புப் பென்சிலை ஓட்டினேன்.

"தெரியும்மா"ன்னார், உதடு அசையாம. "பூட்டறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். என் சட்டை ரெண்டை அதுக்குள்ள அடியில வச்சுட்டேன். போனா நானும்தானே போகணும்."

பென்சில் என் கையில அப்படியே நின்னுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு மறுபடியும் வரைஞ்சேன்.

இங்கதான் நான் கொஞ்சம் எல்லை மீறிட்டேன்னு நினைக்கறேன். நாலு கோட்டோட நிறுத்தியிருக்கலாம். மனசு வரல. கோட்டுக்குப் பக்கத்துல வெளிர் நிறம் கொடுத்தாத்தான் பள்ளம் தெரியும், கொடுத்தேன். கன்னத்துல குழி விழ வச்சேன். கண்ணுக்குக் கீழ பை தொங்க விட்டேன். கழுத்தை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்னு கழுத்தையும் பார்த்தேன். பழைய பல் துலக்கற பிரஷ்ல வெள்ளைச் சாயத்தைத் தொட்டுத் தலையிலயும் மீசையிலயும் இழுத்தேன். ஒரு அடி பின்னால வந்து பார்த்தப்ப, மெஷின் மேல ஒரு கொள்ளுத் தாத்தா உட்கார்ந்திருந்தார். எனக்கே கும்பிடணும் போல இருந்துச்சு.

அழிச்சுக் குறைக்கலாம்னா நேரம் இல்ல. "கார் வந்தாச்சு!"ன்னு மகள் கத்தறா. மாஸ்டர் ஹெல்மெட்டைத் தலையில கவுத்துக்கிட்டு, "நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போறேன், ஹால்ல வேலை இருக்கு"ன்னு ஓடிட்டார். நான் டீச்சரோடயும் மகளோடயும் கார்ல போனேன்.

ஹால்ல மேடைக்குப் பின்னாடி ஒரு சின்ன அறையில அவருக்குக் கலைஞ்ச நரையைச் சரி பண்ணி விட்டேன். கோட்டு சூட்டு போட்டதும் இன்னும் வயசாயிட்டார். அதுக்குள்ள மைக்ல கூப்பிட்டுட்டாங்க. டீச்சர் இந்தப் பக்கப் படியில ஏறினாங்க, மாஸ்டர் அந்தப் பக்கப் படியில ஏறினார். ரெண்டு பேரும் நடுவுல வந்து நின்னாங்க.

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்ல. பேச்சுவார்த்தை இல்லையே! நேரா எதிர்ச் சுவரைப் பார்த்து, கொடிக்கம்பம் மாதிரி நின்னாங்க. ஹால்ல இருந்தவங்க பார்த்தாங்க. கைதட்டல் பாதியில நின்னு போச்சு. "மாஸ்டருக்கு என்ன ஆச்சு?" "போன வாரம்கூடப் பார்த்தேனே!" "சர்க்கரையா இருக்குமோ?"ன்னு வரிசை வரிசையா குசுகுசுன்னாங்க. மகள் முகத்துல ஈ ஆடல. மெதுவா திரும்பி என்னைத் தேடினா. நான் மேடைக்குக் கீழ ஒரு பூந்தொட்டிக்குப் பின்னாடி ஒதுங்கிட்டேன்.

அப்பத்தான் போட்டோகிராபர் வந்தார். புது ஆள், யாரையும் தெரியாது. கேமராவைத் தூக்கிக் கண்ணுல வச்சுட்டு, இறக்கிட்டு, சிரிச்ச முகமா சொன்னார்.

"மேடம், உங்க அப்பாவைக் கொஞ்சம் ஓரமா உட்கார வைங்க. முதல்ல ஜோடியா எடுத்துடலாம். சார் எங்க? சாரைக் கூப்பிடுங்க."

ஹாலே டீச்சரைத் திரும்பிப் பார்த்துச்சு.

டீச்சர் முதல்ல அந்தப் போட்டோகிராபரைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா பக்கத்துல திரும்பினாங்க. ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா புருஷன் முகத்தைப் பார்த்தாங்க. மேல இருந்து கீழ வரைக்கும், பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி பார்த்தாங்க. கட்டை விரலை எச்சில்ல தொட்டு அவர் நெத்தியில ஒரு இழுப்பு இழுத்தாங்க. விரல் பழுப்பாச்சு. அந்த விரலைப் பார்த்தாங்க. நேரா பூந்தொட்டியைப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்தேன்.

"என்னங்க இது?"ன்னாங்க.

பீரோகிட்ட இல்ல, பிரிட்ஜ்கிட்ட இல்ல, அவர்கிட்டயே கேட்டாங்க. மாஸ்டருக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. அத்தனை சுருக்கத்தோட ஒரு முகம் பூரிச்சு நான் பார்த்ததே இல்ல.

"உன்னைவிட மூணு வயசு மூத்தவன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அதான் ஆதாரத்தோட வந்தேன்"னார். அப்புறம் மைக் பக்கத்துல இருக்குங்கறதை மறந்துட்டு, "தப்பு பண்ணிட்டேன் டீச்சர். நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது. போயிடாதே"ன்னார். அது ஹால் முழுக்கக் கேட்டுச்சு.

டீச்சர் உதடு துடிச்சுது. ஐயோ அழப் போறாங்க, கண் மை போச்சுன்னு நான் நினைச்சேன். அவங்க போட்டோகிராபர் பக்கம் திரும்பினாங்க. வகுப்புல பேசற கணீர்க் குரல்ல சொன்னாங்க.

"அப்பா இல்ல தம்பி. இவன் என் மகன். வேணும்னா செருப்புக் கடையில விசாரிச்சுப் பாரு."

சொல்லி முடிக்கல, அவங்களுக்கே சிரிப்பு பீறிட்டு வந்துடுச்சு. லேசுப்பட்ட சிரிப்பு இல்ல. ஒரு மாசமா பூட்டி வச்ச சிரிப்பு. மாஸ்டர் தோளைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, நிமிர்ந்து, மறுபடி குனிஞ்சு, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போட்டோகிராபர் ஒண்ணும் புரியாம படபடன்னு எடுத்துத் தள்ளினார். நான் பூந்தொட்டியை விட்டு ஓடி வந்து அந்த முகத்தையே பார்த்தேன். அங்க மடியுது! கண்ணோரம் விசிறியா மடியுது, மூக்குக்கு ரெண்டு பக்கமும் மடியுது, தாடையில இடது பக்கம் நான் கனவுலகூட நினைக்காத ஒரு இடத்துல மடியுது. அங்கெல்லாம் என் பவுண்டேஷன் கோடு கோடா வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பஞ்சும் கையுமா மேடை ஏறினேன். "கிட்ட வந்தே, கொன்னுடுவேன்"னு டீச்சர் சிரிச்சுக்கிட்டே விரட்டினாங்க. மாஸ்டர் முகத்தையும் அழிக்க விடல. அந்தக் கோலத்துலயே கேக்கு வெட்டினார்.

மகள் என்கிட்ட ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் டீச்சரே பார்லருக்கு வந்தாங்க, கால்ல அந்த மெத்துச் செருப்போட. "நல்லாத்தான் இருக்கு, வீணாக்குவானேன்"னு, நான் கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நாற்காலியில உட்கார்ந்து, அந்த நீலப் பெட்டியைத் திறந்ததைச் சொன்னாங்க. "என் புடவைக்கு அடியில அவர் சட்டை ரெண்டு. ஏன் வச்சீங்கன்னு கேட்டா, நீ எங்க போனாலும் என் சட்டையைத் துவைக்க ஆள் வேணுமேன்னு சொல்றார். கொழுப்பு!" திட்டினாங்க. கண்ணு கலங்கிப் போய்த்தான் திட்டினாங்க.

போகும்போது பைக்குள்ள இருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்துக் கொடுத்தாங்க. அந்தச் சிரிப்புப் போட்டோ. அவங்க முகத்துல என் வேலை வெடிச்சுக் கிடக்கு, அவர் நெத்தியில கட்டை விரல் இழுத்த தடம் இருக்கு. ரெண்டு முகத்துலயும் நான் தோத்துப் போயிருக்கேன். பார்லர்ல கண்ணாடிக்குப் பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கேன்.

உம்முனு உட்கார்ந்து, சிரிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கறவங்க இப்பவும் வர்றாங்க. நான் முன்ன மாதிரி யானை ஜோக்கெல்லாம் சொல்றதில்ல. கிரீமைத் தடவிட்டு, தோல் அதைக் குடிக்கட்டும்னு சும்மா நிக்கறேன். கொஞ்ச நேரத்துல அவங்களே போட்டோவைப் பார்த்து, "யாரு அது, அப்பாவும் பொண்ணுமா?"ன்னு கேட்கறாங்க. நான் நடந்ததைச் சொல்றேன். கதை செருப்புக் கடைக்கு வர்றதுக்குள்ள அவங்க முகம் சிரிப்புல மடிய ஆரம்பிச்சுடும்.

"அப்படியே இருங்க"ன்னு சொல்லிட்டுப் பஞ்சைக் கையில எடுத்துக்கறேன்.